பரீட்சை வந்தால் ஓடமாட்டாள்

என் மகள் எண்ணூறு மீட்டர் ஓடுவாள். பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் அவள் ஏ லெவல் படித்த வருடம், அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஓட்டப் பயிற்சியாளர் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்களுக்காக ஓடினால் படிப்புச் செலவு முழுவதும் கல்லூரியுடையது. இங்கே படிப்பதென்றால் கடன் எடுக்க வேண்டும். ஆனால் அங்கே படிப்பு எப்படியென்று கேட்டறிய, எங்கள் ஆட்களில் ஒருவரும் அந்தக் கல்லூரிக்குப் போனதில்லை.

முடிவு சொல்லுமுன் தாயுடன் பேச வேண்டும் என்றார் அவர். பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவதுபோல நான் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன்: அவளுக்குப் படிப்புத்தான் முதல், பரீட்சை வந்தால் மூன்று மாதம் ஓடவே மாட்டாள். அது பொய். பரீட்சை நாளிலும் விடிய எழும்பி ஓடுகிறவள் அவள்.

மறுமுனையில் அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

"அம்மா, அவர் என்னை ஓடத்தானே கூப்பிட்டவர்," என்றாள் மகள்.

"படிக்கிற பிள்ளை எண்டால் சந்தோசப்படுவினம் எண்டு நினைச்சன்."

அவளே திருப்பி எடுத்து விளக்கிப் பார்த்தாள். இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கேயே கடன் எடுத்துப் படித்தாள். இப்போது வேலைக்குப் போகிறாள். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. காலையில் யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். தரிப்பில் பஸ் நிற்கும். நாலு எட்டு ஓடினால் பிடித்துவிடலாம். அவள் நடந்தே போவாள். அது போன பிறகு, அடுத்ததற்காக நிற்பாள்.