சம்பந்தி வீட்டு லாரி

ஊரில் வண்டி வாங்குகிற யாரும் கடைசியில் வந்து நிற்பது நம்பர்காரர் கடையில்தான். நம்பர் தகடு வெட்டி, எழுத்து அழுத்தி, கறுப்பு ஏற்றி, வண்டியில் திருகி மாட்டியும் கொடுத்துவிடுவார். பகலெல்லாம் நம்பரோடு மாரடிக்கிற மனுஷன் வீட்டுக்குப் போனால் காலை நீட்டிப் படுக்க வேண்டாமோ? மாட்டார். அங்கேயும் நம்பர்தான். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜெர்மன் டாங்கிகளையும் லாரிகளையும் உள்ளங்கை அளவு பொம்மைகளாக ஒட்டி, வர்ணம் பூசி, அவற்றின் மேலிருந்த குறிகளை ஒன்று விடாமல் எழுதுவது அவருடைய பைத்தியம். அந்தப் போரைத் தொடங்கியவர்கள் பேச்சை எடுத்தால் வாயில் வந்தபடி திட்டுவார். குறி மட்டும் இம்மி பிசகக் கூடாது.

இதில் ஒரு வியாதியும் உண்டு. தப்பான குறியைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. மகளுக்குக் கல்யாணம் பேசப் போன இடத்தில், அலமாரியில் இரண்டு டாங்கிகள் நின்றன. பையனின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கும் இதே கிறுக்கு! பொருத்தம் என்றால் இதல்லவா பொருத்தம் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, நம்பர்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"சம்பந்தி, டாங்கித் தலையில மூணு நம்பர் இருக்குல்ல? முதல் நம்பர் படையில எந்தக் கம்பெனின்னு சொல்லும், அடுத்தது அதுல எந்தப் பிரிவு, கடைசி அந்தப் பிரிவுல எத்தனாவது வண்டி. ஒரே படைன்னு குறியும் போட்டு, ரெண்டுலயும் இருநூத்திப் பதிமூணுன்னு எழுதியிருக்கீங்களே! ஒரே வீட்டுல ரெண்டு புள்ளைக்கும் ஒரே பேரா வைப்பாங்க?"

சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் சம்பந்தி! கண்ணாடிக்காரர் முகம் சுண்டிப்போனது. நல்லவேளை, கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஃபோனில் நம்பர்காரர் குரல் கேட்டாலே "இருங்க, உங்க பொண்ணுகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுவார். நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தது மகள்தான்.

ஒரு வருஷம் கழித்து, ஒருவழியாகக் கண்ணாடிக்காரர் வீட்டிலிருந்து சாப்பிட வரச் சொல்லி அழைப்பு வந்தது. போனவரை மகள் வாசலிலேயே மறித்தாள்.

"அப்பா, மாமா புதுசா ஒரு லாரி செஞ்சிருக்கார். நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். நான் இந்த வீட்டுல இருக்கணும்ப்பா."

நம்பர்காரருக்குத் தன் வாய்த்துடுக்கால், பெற்ற பெண் கஷ்டப்படுகிறாளே என்று தன்மேலேயே கோபம் வந்தது. சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினார்.

கண்ணாடிக்காரர் லாரியை மேஜைமேல் வைத்தார். பார்த்த மாத்திரத்தில் நம்பர்காரர் கண் குறிகளில் போய் ஒட்டிக்கொண்டது. தகட்டில் இருந்தது விமானப்படை எழுத்து. மட்கார்டில் இருந்ததோ தரைப்படையின் முத்திரை.

"நல்லாருக்கு, சம்பந்தி."

"வேற?"

"ரொம்ப நல்லாருக்கு."

"மட்கார்டெல்லாம் பாத்தீங்களா?"

"எல்லாமே... பிரமாதம்."

கண்ணாடிக்காரர் லாரியைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

"என்ன சம்பந்தி, கோவமா?"

"பின்ன என்னங்க? அன்னிக்கு அத்தனை பேர் நடுவுல எனக்கு அசிங்கமாத்தான் இருந்தது. அப்புறம் படிச்சுப் பாத்தேன், நீங்க சொன்னது சரி. நம்பரை மாத்தி எழுதினேன். ஒண்ணும் தெரியாம மறுபடி உங்க முன்னாடி வந்து நிக்க வெக்கமா இருந்தது. அதான் இத்தனை நாள் படிச்சு, இதைச் செஞ்சு, உங்களைக் கூப்பிட்டேன். நீங்களும் எல்லாரையும் போல நல்லாருக்குன்னா எப்படி? நல்லாருக்குன்னு சொல்ல என் கடைக்கு வர்றவங்க போதாதா?"

நம்பர்காரர் சமையலறைப் பக்கம் பார்த்தார். மகள் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனாலும் வாய் திறந்துகொண்டது.

"தகடு விமானப்படை, முத்திரை தரைப்படை. ஒரு லாரிக்கு ரெண்டு முதலாளியா?"

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அப்படிக் கேளுங்க!" கண்ணாடிக்காரர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "இது கைமாறின வண்டி! புது முத்திரை எழுதியாச்சு, தகடு இன்னும் மாத்தல!"

"அப்படின்னா பழைய முத்திரையை அழிச்ச இடம் தெரியணுமே! அங்க மட்டும் பெயிண்ட் திட்டா, புதுசா இருக்கணும். எங்க இருக்கு, காட்டுங்க!"

"அடடா... அதை விட்டுட்டேனே!"

பூதக்கண்ணாடி வந்தது, தூரிகை வந்தது. "ராணுவப் பச்சை இப்படியா இருக்கும்?" என்று கண்ணாடிக்காரர் கேட்க, "இது பச்சையே இல்லைங்க, சாம்பல்!" என்று நம்பர்காரர் குரல் தெரு வரை கேட்டது. அடிதடியாகிவிடப் போகிறது என்று மகள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு வழுக்கைத் தலைகளும் முட்டிக்கொள்ளாத குறையாக லாரிமேல் குனிந்திருந்தன.

மாமனார் தலையைத் தூக்காமலே கேட்டார். "ஏம்மா, உங்கப்பாவை இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?"