பாட்டக்காவின் இந்த வருஷத்து முதலிடம்

பாட்டக்காவுக்கு ஒரு வரிகூடப் பாட வராது. தப்பித் தவறி வாயைத் திறந்தால் வீட்டுக்காரர், "தாயே, வேலைக்குக் கிளம்பற நேரம், வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிடுவார். ஆனாலும் அவள் வேலை பார்க்கிற ரெக்கார்டு கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அவள் பாட்டக்காதான். உண்மைப் பெயரைக் கேட்டால் முதலாளிக்கே சட்டென்று வராது. பாடத் தெரியாவிட்டால் என்ன, கேட்கத் தெரியுமே! எது ஒரு மாதத்தில் சலிக்கும், எது பத்து வருஷம் நிற்கும் என்று அவள் சொன்னால் சொன்னதுதான். காதுதான் அவளுக்குச் சோறு போட்டது.

அந்தக் காதுகளில் ஒன்று, மூன்று மாதமாகச் சரியில்லை.

ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது காதில் பஞ்சு அடைத்தமாதிரி இருந்தது. உள்ளே சன்னமாக ஒரு விசில் சத்தம். அழுக்கு சேர்ந்திருக்கும் என்று மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிப் பார்த்தாள். விசில் நிற்கவில்லை. கொஞ்சம் மந்தம், போகப் போகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் ஏதாவது சொல்லித் தொலைப்பாரே! போனை இடது காதுக்கு மாற்றினாள். வீட்டுக்காரரைப் படுக்கையில் இடம் மாறிப் படுக்கச் சொன்னாள். "ஏன், அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தியா?" என்று கேட்டார் அவர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர், நாள் முழுக்க ஏறி இறங்கிய அசதி. பதில் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

வருஷக் கடைசி முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் தள்ளிப் போட்டாள். ஏனென்றால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் வாடிக்கைக்காரர்கள் எல்லாம் கூடுவார்கள். அந்த வருஷம் வந்ததில் தனக்குப் பிடித்த பத்து ஆல்பங்களைப் பாட்டக்கா பத்தாவதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவாள். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு ஓடும், ஜனம் வாங்கும். முதலிடம் எது என்று மட்டும் அன்றைக்கு வரைக்கும் மூச்சு விடக் கூடாது. அதைக் கடையில் ஒரு தடவைகூடப் போட்டுக் காட்டவும் கூடாது.

இந்தக் காலத்தில் காசு கொடுத்து யார் பாட்டு வாங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள். வாங்குகிறார்கள். போனில் ஓசியில் கேட்டுவிட்டு, பிடித்ததைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் ஒரு ரகம். வீட்டில் ப்ளேயரே கிடையாது, அட்டைப் படத்துக்காக வாங்கிச் சுவரில் மாட்டுவார்கள், அது ஒரு ரகம். அட்டையை முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொண்டு "அப்புறம் வரேன்" என்று நழுவுகிற கூட்டம்தான் ஜாஸ்தி. கணக்கு சார் தனி ரகம். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். ரெக்கார்டு மேல் பாட்டக்கா எழுதி ஒட்டியிருக்கிற கார்டை ஒரு எழுத்து விடாமல் படிப்பார். பிறகு அவளிடம் வந்து, "வாங்கலாமா?" என்பார். அவள் தலையாட்டினால்தான் பர்ஸ் வெளியே வரும்.

முதலாளி பாட்டே கேட்கமாட்டார். கல்லாப்பெட்டி சாத்துகிற சத்தம்தான் அவருக்குப் பாட்டு. இந்த வருஷம் அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"இந்த மாடிக் கடையைக் காலி பண்ணிட்டு எல்லாத்தையும் ஆன்லைன்ல தள்ளிடலாம்னு மருமகன் சொல்றான். பேக்கிங்குக்கு ஒரு பையன் போதுமாம். நான்தான் பிடிச்சு வெச்சிருக்கேன். இந்தத் தடவை உன் முதலிடம் மொத்தமும் வித்துப் போச்சுன்னா கடை இருக்கும், நீயும் இருப்பே. உன் காதை நம்பிப் பெட்டி பெட்டியா இறக்கியிருக்கேன். கம்பெனிக்காரங்க ஒண்ணைக்கூடத் திருப்பி எடுக்கமாட்டாங்க, ஞாபகம் வெச்சுக்கோ."

அந்த முதலிடம் வந்த கதை இது. ரெக்கார்டு வெளிவரும் முன்பே கம்பெனிக்காரர்கள் ஒரு சாம்பிள் அனுப்பினார்கள். வெறும் வெள்ளை உறை, மேலே ஒரு எழுத்தும் கிடையாது. வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டாள். ஒரே ஒரு பெண் குரல். அவள் ஒரு கேள்வி கேட்கிறாள். அப்புறம் வெறும் மௌனம். அப்புறம் இன்னொரு கேள்வி. எதற்கும் பதில் கிடையாது. அதற்காக அவள் பாட்டை நிறுத்தவும் இல்லை. பாட்டக்காவின் மகள் கல்யாண விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டு வேறு ஊருக்குப் போனவள். "சாப்பிட்டியா?" என்று தினம் இவள் அனுப்புவாள், அங்கிருந்து ஒரு வார்த்தை வராது. இவ்வளவு காலமாகத் தான் செய்துகொண்டிருப்பதை யாரோ பாட்டாகப் பாடியதுபோல இருந்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். இதுதான் முதலிடம், மறுபேச்சே இல்லை.

கடைக்கு வந்து இறங்கிய ரெக்கார்டுகளின் அட்டையில் இரண்டு காலி நாற்காலிகள் இருந்தன. "பாத்தீங்களா, வராத ஆளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்காங்க!" என்று முதலாளிக்கு விளக்கம் வேறு சொன்னாள். "நாற்காலி நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். "கேட்கிறாள். பதில் இல்லை. ஆனாலும் கேட்கிறாள்" என்று கார்டு எழுதி, நகல் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினாள். ஒரே ஒரு ரெக்கார்டை மட்டும் வழக்கத்தை மீறி இரண்டு நாள் முன்னாடியே கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு நர்ஸ் பெண்ணுக்குக் கொடுத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு டியூட்டி, பாவம்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கடை திறந்ததும் நர்ஸ் பெண் மாடிப்படி ஏறி ஓடி வந்தாள்.

"அக்கா, கேட்டேன்க்கா! ரெண்டு பேரும் என்னமா மல்லுக்கு நிக்கறாளுங்க!"

"எந்த ரெண்டு பேரு?"

"அதான், ஒருத்தி கேட்டு முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தி பதில் சொல்றாளே. நீங்க பதில் இல்லன்னு எழுதியிருந்தீங்களா, ரெக்கார்டு மாறிப் போச்சோன்னு உறையை வேற திருப்பித் திருப்பிப் பாத்தேன்."

பாட்டக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிற பெண், ஏதோ தூக்கக் கலக்கத்தில் உளறுகிறது. மூலையில் இருந்த ப்ளேயரில் சாம்பிளைப் போட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அதே குரல், அதே கேள்வி, அதே மௌனம். "பாரு, ஒருத்திதான்" என்று கழற்றிக் கொடுத்தாள்.

நர்ஸ் பெண் மாட்டிக்கொண்டு கேட்டாள். "ரெண்டு பேருக்கா" என்றாள். சொல்லிவிட்டுப் பாட்டக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்தப் பெண் செய்ததுதான் காரியம். ஹெட்ஃபோனை வலது இடதாகும்படி திருப்பி, பாட்டக்காவின் தலையில் தன் கையாலேயே மாட்டிவிட்டாள்.

வேறொருத்தி பாடினாள். சுறுசுறுப்பான, கெட்டிக்காரக் குரல். ஒவ்வொரு கேள்விக்கும் பட் பட்டென்று பதில். முதலாமவள் போன இடம் தெரியவில்லை. வலது காதில் மந்தம்கூட இல்லை. அங்கே ஒன்றுமே கேட்கவில்லை. மற்ற ரெக்கார்டுகளில் பாடகரின் குரல் இரண்டு பக்கமும் வரும், ஒரு காதுக்கே எல்லாம் கிடைத்துவிடும். அதனால்தான் இத்தனை நாள் குட்டு வெளிப்படவில்லை. இந்த ஆல்பத்தில் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பாட்டக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"எத்தனை நாளாக்கா?"

"மூணு மாசம்."

நர்ஸ் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மொத வாரமே வந்திருக்கணும்க்கா. திங்கக்கிழமை வாங்க, நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்." சரியாகிவிடும் என்று அவள் சொல்லவில்லை.

அவள் போனதும் பாட்டக்கா ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டியபடியே ரெக்கார்டு முழுவதையும் கேட்டாள். நல்லதாக இருந்துவிடேன், பிடித்துத் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே கேட்டாள். பிடிக்கவில்லை. பதில் சொல்கிறவள் எதற்கும் ஒரு நொடி யோசிக்கவில்லை. அழ வைத்த இடமெல்லாம் அடைபட்டுப் போயிருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"ஏண்டி எங்கிட்டகூடச் சொல்லல?"

"சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம்."

"சரி, அழாதே. இப்ப கார்டையெல்லாம் பிச்சுப் போடு. ரெண்டு பேரு பாடறாங்க, பிரமாதம்னு வேற எழுதி ஒட்டு. யாருக்குத் தெரியப் போகுது? முதல்ல வேலையைக் காப்பாத்திக்கோ, காதை அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவளும் பெட்டியைத் திறந்து ஒரு கார்டைப் பிய்த்தாள். புதுக் கார்டில் "இரண்டு குரல்கள்" என்று எழுதினாள். அடுத்த வார்த்தை வரவில்லை. இவ்வளவு வருஷத்தில் பிடிக்காததைப் பிடித்ததாக ஒரு கார்டுகூட அவள் எழுதியதில்லை. எழுத நினைத்தாலும் கை ஓடவில்லை. அதற்குள் முதலாளி வந்துவிட்டார், நாற்காலி போடுகிற வேலை வந்துவிட்டது. பழைய கார்டுகள் அப்படியே இருந்தன.

சாயங்காலம் கடை நிரம்பி வழிந்தது. படிக்கட்டிலும் ஆள். பத்தாவது, ஒன்பதாவது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஜனம் நன்றாகத்தான் வாங்கியது. முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார். இரண்டாவதும் முடிந்தது. முதலாளியே பெட்டிகளைத் திறந்து ரெக்கார்டுகளை மேஜைமேல் அடுக்கினார். கணக்கு சார் ஒன்றை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கார்டைப் படிக்க ஆரம்பித்தார்.

"இதைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றாள் பாட்டக்கா.

"முதல்ல பாட்டைப் போடும்மா, பேச்சு அப்புறம்!" என்று முதலாளி தானே ஸ்விட்சைத் தட்டிவிட்டார்.

ஸ்பீக்கரில் இரண்டு பெண்களும் பாடினார்கள். ஒருத்தி கேட்டாள், மற்றவள் வெடுக்கென்று சொன்னாள். கூட்டம் கார்டைப் பார்த்தது, பாட்டைக் கேட்டது, மறுபடி கார்டைப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருவன், "பதில் இல்லையா? வாயே மூடலியே இந்தப் பொண்ணு!" என்றான். கொல்லென்று ஒரு சிரிப்பு.

பாட்டக்கா பாட்டை நிறுத்தினாள்.

"கார்டுல தப்பா எழுதிட்டேன். எனக்கு வலது காது கேக்காது. மூணு மாசமாச்சு. மந்தம்னு நெனச்சேன், முழுசாப் போயிருக்குன்னு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். ஹெட்ஃபோன்ல கேட்டேன், ஒருத்தி குரல்தான் விழுந்துது. அந்தப் பாதியைத்தான் முதலிடம்னு எழுதினேன்."

முதலாளியின் முகம் வெளுத்து, சிவந்து, சட்டென்று ஒரு சிரிப்பில் வந்து நின்றது. வியாபாரியாயிற்றே!

"பாதிக்கே முதலிடம்னா முழுசு எப்படி இருக்கும்னு பாருங்க! எடுங்க, எடுங்க!"

கூட்டம் கலகலத்தது. நாலைந்து கைகள் மேஜையை நோக்கி நீண்டன. பாட்டக்கா செய்ய வேண்டியதெல்லாம் பேசாமல் நிற்பதுதான். நின்றால் கடை இருக்கும், அவளும் இருப்பாள். ஒரு காதோடு வேறு எங்கே போய் என்ன வேலை கேட்பது? நின்றுவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

கணக்கு சார் ரெக்கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நேராக அவள் முன்னால் வந்தார்.

"முழுசும் கேட்டியாம்மா?"

"காலையில கேட்டேன் சார். ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டு."

"வாங்கலாமா?"

நீண்டிருந்த கைகள் நின்றன. முதலாளி அவளையே பார்த்தார். தலையாட்டு, தலையாட்டித் தொலை என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"வேணாம் சார்" என்றாள். "எனக்குப் பிடிச்ச ஆல்பம் இந்த அட்டைக்குள்ள இல்ல. அது எங்கயும் விலைக்குக் கிடைக்காது."

முதலாளி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். "கெடுத்தியே குடியை" என்று முணுமுணுத்தார். கணக்கு சார் ரெக்கார்டை மேஜையில் இருந்த இடத்திலேயே வைத்தார். நீண்ட கைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. இனி யார் முகத்தில் விழிப்பது? கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பாட்டக்கா கல்லாப் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் மறைத்தது, எதிரே இருந்தது எதுவும் தெரியவில்லை.

வலது பக்கம் யாரோ நின்றுகொண்டு என்னவோ கேட்டிருக்கிறார். அவள் காதில் விழவில்லை, இரண்டு எட்டு நடந்தும்விட்டாள். கணக்கு சார் அவளைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து நின்றார். பர்ஸ் கையில் இருந்தது.

"அப்ப எதை வாங்கறதுன்னு கேட்டேம்மா" என்றார்.