கைக்குக் கிடைத்த பிள்ளை

மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கும் ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்கு நாங்கள் வருடம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறோம். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தெருவில் அதனாலேயே எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன். நாற்பத்தைந்து வயதுக்காரிக்குச் சறுக்கில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். சறுக்கில் நான் இதுவரை ஏறியதே இல்லை. அந்த இடம் எனக்குப் பிடித்துப்போன கதை வேறு. முதல் தடவை அங்கே போனபோது நான் நடுங்கியதுபோல வேறு எங்கும் நடுங்கியதில்லை.

நான் பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம், அணைக்குக் கீழே ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊர். அணை நிரம்பித் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்றால் சைரன் ஊதும். ஊதியதும் கீழத்தெரு மொத்தமும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். அப்படி ஓடுவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருந்தது. அவரவர் பிள்ளையைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. கைக்குக் கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். எந்தப் பிள்ளை யாருடையது என்பதை மேட்டில் போய்ப் பிரித்துக்கொள்ளலாம். உன் பிள்ளை எந்த மூலையில் விளையாடிக்கொண்டிருந்தாலும் யாரோ ஒருத்தர் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. சோற்றோடு சேர்த்து எங்களுக்கு ஊட்டிவிட்டார்கள்.

என்னை ஒருமுறை தூக்கிக்கொண்டு ஓடியது பக்கத்து வீட்டுக்காரி. வேலித் தகராறில் அவளுக்கும் என் அம்மாவுக்கும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மேட்டில் என்னை இறக்கிவிட்டவள், அம்மா இருந்த பக்கம் திரும்பாமலே, "போத்தா, ஒங்க ஆத்தா அங்கன நிக்கிறா" என்றாள். அம்மாவின் இடுப்பில் இருந்தது அவளுடைய மகன். இரண்டு பேரும் பிள்ளைகளை மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு பிள்ளையைக்கூட எங்கள் ஊர் ஆற்றுக்குக் கொடுத்ததில்லை. பாதி தடவை தண்ணீர் தெருமுனையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். இருந்தாலும் அந்தச் சத்தம் எனக்குள் தங்கிவிட்டது. கரும்பு ஆலையில் ஊதினாலும் சரி, ஆம்புலன்ஸ் போனாலும் சரி, முதலில் என் கை பக்கத்தில் ஏதாவது பிள்ளை இருக்கிறதா என்று துழாவும். அப்புறம்தான் புத்தி வேலை செய்யும்.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த ஊரில் திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர். என் வீட்டுக்காரருக்குத் திராட்சைத் தோட்டம். பழத்தைக் கேரளாச் சந்தைகளுக்கு அனுப்பி அனுப்பி, மலையாளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்களுக்கு ஒரே மகள். அவளை நான் வளர்த்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வாய்க்கால் ஓரமாக நடந்தால் அவள் உள்பக்கம், நான் தண்ணீர்ப் பக்கம். சுருளி அருவி கூப்பிடு தூரத்தில் இருந்தும் பத்து வயதுவரை அவளை அங்கே கூட்டிப்போகவில்லை. வீட்டுத் தொட்டியில் முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீர் நிரப்ப விடமாட்டேன்.

அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பூங்காவுக்குப் போய்வந்துவிட்டார்கள். கூட்டிப்போனால்தான் ஆச்சு என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் அசையவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரரின் அக்கா வந்து நின்றார். நான் மதினி என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஏத்தா, ஊர்ல உள்ள பிள்ளைக எல்லாம் போயிட்டு வந்துருச்சுக. இவ மட்டும் என்ன பாவம் பண்ணுனா?" என்றார்.

"தண்ணி, மதினி…"

"என்ன பெரிய தண்ணி? இடுப்புக்குக்கூட வராதாம். போயிட்டு வந்தவுக சொன்னாக. இந்த வெட்டு முடிஞ்சதும் கெளம்புறோம். வேன் சொல்லியாச்சு."

திராட்சை வெட்டு முடிந்த மறுவாரம் மதினி குடும்பத்தோடு வேனில் குமுளி மலை ஏறினோம். பிள்ளைகள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வந்தார்கள். நானோ ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், வேன் பழுதாகி நின்றுவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். நல்ல வேன். நிற்கவே இல்லை.

அங்கே சேலையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, பருத்தித் துணியும் ஆகாது என்றார்கள். வாசல் கடையில் நைலான் உடுப்பு விற்றார்கள். பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி நீலச் சட்டை, தலைமுடியை மூட ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி. மகளுக்கு நானே போட்டுவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் நூறு நீலச் சட்டை, நூறு மஞ்சள் தொப்பி. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். மதினி முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

ஆண்கள் எல்லாம் உயரமான சறுக்குகளைத் தேடிப் போய்விட்டார்கள். நாங்கள் வேவ் பூல் என்று சொல்லப்படும் பெரிய குளத்துக்குப் போனோம். ஒரு முனையில் தரையோடு தரையாகத் தொடங்கி, போகப் போக ஆழமாகிறது. தண்ணீர் அப்போது அசையாமல் கிடந்தது. நான் கணுக்கால் நனைகிற இடத்தில் நின்றேன். மகள் ஒவ்வொரு அடியாக நகர்ந்து நகர்ந்து தொடை மட்டத்துக்குப் போனாள். கூப்பிட்டேன். ரெண்டடி பின்னால் வந்தாள். கை நீட்டினால் எட்டும் தூரம். சரி, இந்த மட்டுக்கும் போதும் என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிடம் போனது. வெயில் முதுகில் இதமாக இருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தண்ணீரில் நின்றுகொண்டு வேறு எதையோ யோசித்தேன்.

அப்போது சைரன் ஊதியது.

அலை விடப்போகிறார்கள் என்பதற்கான அறிவிப்பு அது. அங்கே வழக்கமாக வருகிறவர்களுக்கு அந்தச் சத்தம்தான் கொண்டாட்டம். 'ஓ' என்று கூச்சல் போட்டுக்கொண்டு எல்லோரும் ஆழத்தைப் பார்த்து ஓடினார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயனில்லை. என் கை நீண்டது, ஒரு சின்னக் கை கிடைத்தது, பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்தேன், ஓடினேன். எதிரில் வந்தவர்களை இடித்துத் தள்ளினேன். பின்னால் யாரோ 'அம்மா அம்மா' என்று கத்தினார்கள். கரையிலும் நிற்கவில்லை. குளத்துக்குப் பின்னால் டீக்கடைக்கு ஏறும் படிகள் இருந்தன. கடைசிப் படிவரை ஏறி, மூச்சு வாங்க, பிள்ளையை இறக்கிவிட்டேன்.

அது என் பிள்ளை இல்லை.

அதே நீலம், அதே மஞ்சள். முன்பல் இரண்டு இல்லாத, கண்ணை அகல விரித்த ஒரு பெண் குழந்தை. அழக்கூட மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நிமிடத்தை எழுத இப்போதும் கை கூசுகிறது. ஏனென்றால் அப்போதும் எனக்குப் பதற்றம் வரவில்லை. மேட்டுக்கு வந்தாகிவிட்டது, இனிப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நிம்மதியாக நின்றேன். என் மகளை யார் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று படிகளைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. மறுபடியும் பார்த்தேன். வெறும் படி. கீழே குளம் கொதிக்கிற உலைபோல எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் தொப்பிகள் மேலே வந்தன, மறைந்தன. இங்கே யாருக்கும் எங்கள் ஊர் முறை தெரியாது, என் பிள்ளையை யாரும் தூக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். இப்போது அது வீறிட்டு அழுதது. பாதிப் படியில் அதன் அம்மா எதிரே ஓடிவந்தாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். காவலாளி விசில் ஊதினான். நான் நிற்கவில்லை. அவர்கள் கத்தக் கத்தத் தண்ணீருக்குள் இறங்கினேன். இடுப்புவரை போனேன், மார்புவரை போனேன். ஒரு அலை வந்து முகத்தில் அறைந்தது. மருந்து நாற்றத்தோடு தண்ணீர் மூக்கில் ஏறியது. செத்தோம் என்றுதான் நினைத்தேன். நான் செத்தாலும் பரவாயில்லை, அவள் கிடைத்துவிட்டால் போதும்.

அவள் சுவரோரத்தில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மதினி கொஞ்ச தூரத்தில் நீந்தத் தெரியாமல் தத்தளித்தபடி, "ஆத்தாடி, இங்கனதான் நிக்கிறா, இங்கனதான் நிக்கிறா" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் போய் மகளைக் கட்டிப்பிடித்தேன். அவள் கம்பியை விடவில்லை.

"நான் கூப்பிட்டேன்மா" என்றாள். "நீ திரும்பிக்கூடப் பாக்கல. வேற பிள்ளையத் தூக்கிட்டு ஓடுன."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குள் அலை நின்றது. யாரோ ஒரு பொத்தானை அமுக்கியதும் அத்தனை தண்ணீரும் ஒன்றுமே நடக்காததுபோலப் படுத்துக்கொண்டது. ஊரில் சைரன் ஊதினால் தண்ணீர் எப்போது வடியும் என்று மேட்டில் ரெண்டு நாள்கூட உட்கார்ந்திருக்கிறோம். இங்கே பத்து நிமிடம். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

காவலாளி எங்களை ஓரமாகக் கூட்டிப்போனான். பிள்ளை பிடிக்கிறவள் என்றே முடிவு செய்துவிட்டான். என் வீட்டுக்காரர் ஈரத்தோடு ஓடிவந்து, எங்கள் ஊர், அணை, சைரன், மேடு எல்லாவற்றையும் மலையாளத்தில் விளக்கினார். காவலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. என்னையும் என் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ ஸ்வந்தம் மோளோ?" என்று கேட்டாள். சொந்த மகளை என்ன செய்தாய் என்று கேட்கிறாள். என் வீட்டுக்காரர் அதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மகள் மதினி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் பிசைந்து நீட்டிய சோற்றை வேண்டாம் என்றாள். புறப்பட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது, "இன்னொரு தடவை அந்தக் குளத்துக்குப் போகணும்" என்றாள்.

"வேணாம்டா தங்கம்."

"நீயும் வரணும்."

எனக்கு நடுக்கம் நின்றிருக்கவில்லை. ஆனாலும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பது? போனேன். இடுப்பு மட்டத்தில் நின்றோம். சைரன் ஊதுவதற்கு முன்னால் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி. சத்தம் வந்தது. உடம்பு முழுக்க ஓடு ஓடு என்றது. என் கால் ஒருமுறை கிளம்பியும் விட்டது. அவள் இழுத்து நிறுத்தினாள். அலை வந்தது, எங்களைத் தூக்கியது, இறக்கியது. கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பத்து நிமிடமும் அவள் விடவில்லை. தண்ணீர் அடங்கியபோது என் கையில் நான்கு நகத் தடம் இருந்தது. அன்று வேனில் வரும் வழியெல்லாம் அந்தத் தடத்தையே தடவிக்கொண்டு வந்தேன். அடுத்த வருடம் அந்தப் பூங்காவுக்குப் போகலாம் என்று வீட்டில் முதலில் வாயைத் திறந்தது நான்தான். மதினி என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார்.

அவளுக்கு இப்போது பதினைந்து வயது. டவுன் பஸ்ஸில் ஏறினால் எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்காருகிறாள். தலை பின்னிவிட வந்தால், "விடுமா, நானே பின்னிக்கிறேன்" என்கிறாள். ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்தால் உதறுகிறாள். யாராவது பார்த்துவிடுவார்களாம். அந்த வயதுக்கு அதுதான் சரி. எனக்குப் புரிகிறது, புரிந்து என்ன செய்ய.

ஆனால் அந்தக் குளத்தில் மட்டும், சைரனுக்குச் சற்று முன்னால், என்னைப் பார்க்காமலே பக்கத்தில் வந்து நிற்பாள். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடிப்பாள். இந்த வருடம் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பிள்ளை ரொம்பப் பயப்படுதே" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவளுக்கு ஏது பயம்? மூன்று வருடமாக அவள் நீச்சல் பழகுகிறாள். நான் ஓடிவிடக் கூடாது என்றுதான் பிடித்துக்கொள்கிறாள்.

இந்த ஐந்து வருடத்தில் சைரன் கேட்டு நிற்க எனக்குப் பழகிவிட்டது. இந்தத் தடவை கால்கூட அசையவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. சத்தம் வந்ததும், வேண்டுமென்றே உடம்பை ஒருமுறை உலுக்கிக்கொண்டேன். அவள் பிடி இறுகியது. நான் ஓட மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் கையை விட்டுவிடுவாளோ என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே பயம்.