மைனஸ் நாலு

எங்கள் நைட்ரஜன் ஆலையில் அவருக்குப் பெயர் சோப்புத் தண்ணி. பழைய ஷாம்பு பாட்டிலில் சோப்பு நீரோடு திரிவார். குழாய் இணைப்பு எதைக் கண்டாலும் ஒரு சொட்டு விடுவார். குமிழி வந்தால் கசிவென்று ஸ்பானர், வராவிட்டால் சந்தேகம். வீட்டு அடுப்புக் குழாய்க்கும் இதே மரியாதைதான். "என்னைக் கட்டினதுக்கு ஒரு நட்டைக் கட்டியிருக்கலாம்" என்பார் அவர் மனைவி.

ஆக்சிஜன் அனலைசர்தான் அவர் பொறுப்பு. நாங்கள் விற்கும் நைட்ரஜனில் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் இருந்தால் சரக்கு திரும்பி வரும். அதை அளக்கும் கருவி சரியான தொட்டாற்சிணுங்கி. ஒரு நட்டு கால் சுற்று தளர்ந்தால் போதும், வெளிக்காற்று புகுந்து எண்ணைத் தூக்கிவிடும். பத்தொன்பது வருடமாகச் சான்றிதழில் இவர் கையெழுத்து இருந்தால் வாங்குபவர்கள் மறுபேச்சுப் பேசியதில்லை. அந்தக் கையெழுத்தைத் தவிர அவருக்கு வேறு சொத்தும் இல்லை.

அன்று பதினொரு மணிக்கு வாங்கும் கம்பெனியின் ஆய்வாளர் வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்குக் கருவி எட்டு என்றது. சோப்புத் தண்ணி வாயு ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தார், எண் இறங்கியது. வாயுவே கெட்டிருந்தால் இறங்காது.

"சார், கேஸ் சுத்தம். குழாய்லதான் எங்கயோ லீக். ரெண்டு மணி நேரம் குடுங்க."

எங்கள் மேனேஜருக்கு வாயு தெரியாது, எண் தெரியும். "அவங்க வர்ற நேரத்துல ஸ்பானரும் கையுமா நிக்காதீங்க. கேஸ் சுத்தம்னு நீங்களே சொல்றீங்கல்ல? எட்டை ரெண்டுன்னு செட் பண்ணுங்க."

"அது பொய் சார்."

"அதுக்குப் பேரு கேலிப்ரேஷன்."

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். சோப்புத் தண்ணி பொத்தானை அழுத்தி ஆறு குறைத்தார், சான்றிதழில் கையெழுத்தும் போட்டார். சிலிண்டர் நிரப்புகிற என் பேச்சு எந்தச் சபையில் ஏறும்?

மேனேஜர் டை கட்டப் போனார். குழாயருகே தனியாக நின்ற மனிதருக்குக் கை சும்மா இருக்குமா? வரிசையாகச் சொட்டு விட்டார். மூன்றாவது இணைப்பில் குமிழி. ஸ்பானரை எடுத்துக் கால் சுற்று இறுக்கினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

ஆய்வாளர் அம்மா வந்தபோது கருவியில் மைனஸ் நாலு. காற்றால் ஏறிய ஆறு போய்விட்டது, பொத்தானில் குறைத்த ஆறு அப்படியே இருந்தது.

மேனேஜர் அசரவில்லை. "பாருங்க மேடம், மத்தவங்க ஜீரோவுக்கே திணறுறாங்க. நாங்க அதையும் தாண்டிட்டோம்!"

"இல்லாத ஆக்சிஜன்லயும் நாலு குறைச்சிட்டீங்களா?" அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "கையெழுத்து யாரோடது?"

மேனேஜர் கூரையில் எதையோ தேடினார். சோப்புத் தண்ணி ஓரடி முன்னால் வந்தார்.

"என்னோடது மேடம். மெஷின் மேல தப்பில்ல. நான்தான் அதைப் பொய் சொல்ல வெச்சேன்."

அந்த அம்மா, அளவு தெரிந்த வாயுவை விட்டுக் கருவியை மறுபடி சரிபார்க்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது. எங்கள் நைட்ரஜனில் ரெண்டுதான். சரக்கு தேறியது, ஆள் தேறவில்லை. இனி சோப்புத் தண்ணியின் கையெழுத்து செல்லாது என்று எழுதிவிட்டுப் போனார். இப்போது மேனேஜர் கையெழுத்துப் போடுகிறார். நட்டு எந்தப் பக்கம் இறுகும் என்று கேட்டால் ஆளைக் கூப்பிடுவார்.

அன்று மாலை சோப்புத் தண்ணியின் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். கதையைக் கேட்ட மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "பொய்தான் சொல்லியாச்சு. அந்த நட்டை ஒரே ஒரு நாள் சும்மா விட்டிருக்கக் கூடாதா?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அதுல லீக் இருந்துச்சே" என்றார்.