நிரப்பாத இடம்

கல்லூரியில் அவருக்குப் பட்டப்பெயர் 'அணு சார்'. தர்க்கவியல் வகுப்பில் அணுச் சூத்திரம் என்ற ஒன்றையே அவர் வாரக்கணக்கில் இழுப்பார். 'ஆனால்', 'அல்லது' போன்ற ஒட்டு எதுவும் இல்லாத, அதற்குமேல் உடைக்க முடியாத கூற்று அது. ஓர் உறவு; அதற்குரிய இடங்களில் ஆட்கள். அவ்வளவுதான்.

"மூத்தவன்னு மட்டும் எழுதி வெச்சிருக்கியே, யாரைவிட மூத்தவன்? இடம் காலியா இருந்தா அது சூத்திரமே இல்லடா, கிறுக்கல்!" என்று கரும்பலகையைத் தட்டுவார்.

மனைவி இறந்த பிறகு ஒரே மகளை அவர்தான் ஆளாக்கினார். வீட்டிலும் அதே சட்டம். எதையும் உடைத்து, ஒற்றை வரியில் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மகள் ஒரு மாலை பெட்டியோடு வந்து நின்றாள்.

"அப்பா, நான் இங்கேயே இருந்துடட்டுமா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"மாப்பிள்ளை அடிக்கிறாரா?"

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்லப்பா, ஆனா..."

"ஆனாவெல்லாம் வேண்டாம். வீட்ல பேசுறாரா?"

"பேசுவார். ஆனா..."

"அப்புறம் என்ன குறை? உனக்குச் செல்லம் கொடுத்தது என் தப்பு."

அவரே பெட்டியைத் தூக்கிப்போய் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் அவள் அழுததைக் கண்டும் காணாதவர்போல் திரும்பி நடந்தார்.

சில மாதம் கழித்து மகளைப் பார்க்கப் போனார். மதியச் சாப்பாட்டின்போது மருமகன் வாய் ஓயவில்லை. மாமனாரிடம் அரசியல், தாயிடம் சிரிப்பு, கைபேசியில் நண்பனிடம் கிண்டல். பக்கத்திலேயே நின்ற மனைவியை ஏறிட்டும் பார்க்காமல், "அம்மா, அவளைத் தண்ணி வைக்கச் சொல்லு" என்றான்.

எடுத்த கவளம் அவர் கையிலேயே நின்றது. பேசுகிறான். யாரிடம்? அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டல்லவா அன்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்!

கையைக் கழுவிக்கொண்டு, மகள் இருந்த சமையலறைக்கு ஓடினார்.

"எப்போலேர்ந்தும்மா இப்படி?"

"அன்னிக்கு நான் வந்தப்பவே, அவர் என்கிட்ட பேசி ஒரு வருஷம் ஆச்சு."

"சொல்லியிருக்கக் கூடாதா, கண்ணு?"

"சொல்ல விட்டீங்களா?"

"தப்புத்தான்மா. கிளம்பு, இப்பவே நம்ம வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

"அங்க மட்டும் என்கிட்ட யாருப்பா பேசினா? நீங்க கேள்வி கேட்டீங்க, நான் பதில் சொன்னேன். வேலை தேடிட்டிருக்கேன். கிடைச்சதும் தனியாப் போயிடுவேன். எங்கேன்னு கேக்காதீங்க."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மாமியாருக்குத் தட்டு வைக்கப் போனாள்.