மயில்வாகனம் உடைக்கச் சொன்ன பீம்

நான் வேலை பார்த்த கந்தோரில் கட்டட வரைபடம் கீறுபவர் மயில்வாகனம். யாழ்ப்பாணத்து ஆள். மனைவி இறந்தபின் கட்டுக்கலைப் பகுதியில் ஓர் அறையில் தனியாக இருந்தார். வாயைத் திறந்தால் கணக்குத்தான்; பத்து நிமிடத்துக்கு மேல் என்னாலேயே தாக்குப்பிடிக்க முடியாது. அவரைச் சகித்துக்கொண்ட ஒரே மனிதர் கொழும்பு வீதிப் புடைவைக்கடை ஸெய்னுலாப்தீன் முதலாளி. மாலையானால் இருவரும் கடையில் பிளேன்டீ குடித்தபடி கதைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில்தான் மயில்வாகனம் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் முதலாளி கடைக்கு மேல் மாடி எழுப்பினார். மகள் அனீஸாவுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பது அவர்கள் வழக்கம், மாடி அவர்களுக்கு. கடை வாசலுக்கு மேலே ஒரு கொங்கிறீட் பீம், நீளம் குறைவு, உயரம் அதிகம். மாடியின் முன்சுவர் முழுவதும் அதன் தலையில்தான். வார்த்த பீமைத் தாங்கிய முட்டுகளை எடுத்த மறுநாள், தூணருகே சரிவாக ஓடிய மயிரிழை வெடிப்பு மயில்வாகனத்தின் கண்ணில் பட்டது. கட்டிய கொத்தனார் பாஸிடம் விசாரித்தார். கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் ஒன்றும் போடவில்லை என்று பாஸ் பெருமையாகவே சொன்னாராம். இந்தக் கட்டைப் பீம் எங்கே தொய்யப்போகிறது என்று. மயில்வாகனம் கணக்குப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். தூணருகே பீமை அறுக்கப் பார்க்கும் வெட்டுவிசைக்கு அது காணாது.

"முதலாளி, நீளப் பீம் எண்டால் தொய்ஞ்சு காட்டித்தரும். இது ஒண்டும் சொல்லாது. தூணடியிலை வெட்டுப்பட்டு ஒரேயடியா வரும். பிள்ளையை மேல குடி வையாதேங்கோ."

முதலாளியின் முகம் கறுத்தது. கலியாணம் நெருங்கிவிட்டது. ஆனாலும் மகள் விஷயம், உடைக்கச் சொல்லிவிட்டார்.

சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு மூன்று பேர் சம்மட்டியால் அடித்தார்கள். மத்தியானமாகியும் பீம் அசைந்து கொடுக்கவில்லை. வீதியே கூடி வேடிக்கை பார்த்தது. முதலாளி மயில்வாகனத்துக்கு ஆள் அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"மூணு பேர் அடிச்சும் ஒடையுதில்ல. இதுவா தானா விழும் எண்டீங்க?"

முதலாளி இப்படிக் கேட்டதும் கூட்டம் சிரித்தது. அடியைத் தாங்குவது வேறு, சுமையில் சரிவாகக் கிழிவது வேறு. கந்தோரில் என்றால் கீறிக் காட்டியிருப்பார். அங்கே மனிதர் அந்த வெடிப்பை விரலால் சுட்டிக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொங்கிறீட்டின் கெட்டியைப் பார்த்தவர்களில் ஒருவராவது உள்ளே இல்லாத வளையத்தைப் பார்க்கவில்லை.

பழைய பீமை ஒருவழியாக உடைத்தெடுத்துப் புதுப் பீம் வார்த்து இறுகுவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். மயில்வாகனத்தைக் கடைக்குள் கூப்பிடுவது அன்றோடு நின்றது. மறுவருடம் அனீஸாவுக்கு வேறொரு நல்ல இடத்தில் கலியாணமானது. கந்தோரில் எல்லோருக்கும் அழைப்பு வந்தது, அவரைத் தவிர. அந்தப் பீம் யாரையாவது கொன்றிருந்தால் அவர் சொன்னது சரியென்று ஊர் ஒப்புக்கொண்டிருக்கும்.

சில வருடம் கழித்து ஒரு மாலை அவரோடு அந்த வழியே நடந்தேன். கடைக்கு எதிரே நின்றுவிட்டார். மாடியில் அனீஸாவின் குழந்தை தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி எங்களைக் கண்டும் காணாதவர் போலத் துணி மடித்தார். மனவருத்தம் இல்லையா என்று மயில்வாகனத்திடம் கேட்டேன்.

"இருக்கு," என்றார். "கதைக்க ஒருத்தரும் இல்லை. எண்டாலும் அந்தப் பிள்ளை ஓடுறது கேக்குதுதானே."

அந்தச் சத்தம் ஓயும்வரை நின்றுவிட்டுத்தான் அறைக்குப் போனார்.