ஆறு முடிச்சுக்கு மேல் போகாத வேண்டுதல்

நல்லதையே நினை என்று எனக்குச் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. தறியில் உட்கார்ந்தபடியே என் வீட்டுக்காரர் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் சொல்வாள். கோயிலில் குங்குமம் கொடுக்கிற குருக்கள்கூட ஒருநாள் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். எப்படி நினைப்பது என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை. கேட்டால், "அதாம்மா, நல்லதையே நினைக்கணும்" என்று முதலில் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். விளக்கேற்றிக் கும்பிடாமல் ஒருவாய் காப்பி குடித்ததில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் காமாட்சியம்மன் சந்நிதிக்குப் போகிறவள். அப்படி இருந்தும் என் புத்தி மட்டும் கெட்டதின் பக்கமே ஓடும். ஜரிகை வாங்கச் சைக்கிளில் போன மனுஷன் கால்மணி நேரம் தாமதமானால், என் மனசுக்குள் அவர் ரயில்வே கேட்டில் அடிபட்டுக் கிடப்பார். வெயில் கொஞ்சம் மங்கினால், தெருவில் நீட்டிக் கஞ்சி போட்ட பாவு நூல் நனைந்தே போயிருக்கும். மனசோடு நின்றாலாவது பரவாயில்லை. வாயிலும் வந்துவிடும்.

வீட்டுக்குள் தேவதைகள் நடமாடிக்கொண்டே இருக்கும், நாம் எதைச் சொன்னாலும் 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிட்டுப் போகும், அதனால் கெட்டது பேசக்கூடாது என்பார்கள். நானும் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் என்னைப் போன்ற மனசுக்காரிக்கு அந்த நம்பிக்கை மருந்தாக வேலை செய்யவில்லை. முதலில் கெட்டது நடக்குமோ என்று ஒரு பயம்தான் இருந்தது. அப்புறம், நான் நினைத்ததாலேயே நடந்துவிடுமோ என்று இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது.

வருஷம் எழுபத்திரண்டோ எழுபத்திமூன்றோ, சரியாக நினைவில்லை. என் மூத்த பெண்ணை முசரவாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோதே என் வாயில், "பஸ்ஸுல குலுங்கிக்கினு வந்தியே, வயித்துல குழந்தை அசையுதா?" என்றுதான் வந்தது. வா என்றுகூடச் சொல்லவில்லை. அவள் முகம் அப்படியே வாடிப்போனது.

அன்று சாயங்காலமே அம்மன் சந்நிதிக்குப் போய் ஒரு வேண்டுதல் வைத்தேன். தாயே, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், என் வாயிலிருந்து அவச்சொல் ஒன்றும் வராது, என் பெண்ணை நல்லபடியாகப் பிழைக்க வை என்று. 'பிழைக்க வை' என்று கேட்டதே அவச்சொல் மாதிரிதானே என்று பிராகாரம் சுற்றும்போது தோன்றியது. திரும்பிப் போய், "சந்தோஷமா வை தாயே" என்று மாற்றிக் கேட்டுவிட்டு வந்தேன். என் நிலைமை அப்படி.

தறியில் மிஞ்சின பட்டு இழை ஒன்றைச் சாமி படத்து ஆணியில் தொங்கவிட்டேன். அவச்சொல் பேசாத நாளுக்கு ஒரு முடிச்சு. பேசிவிட்டால் அந்த இழையை அறுத்துப் போட்டுவிட்டு வேறு இழையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

முதல் இழை மூன்று முடிச்சில் போனது. அடுத்தது ஒன்று. அதற்கடுத்தது நான்கு. ஒரு தடவை மட்டும் ஆறு முடிச்சு வந்தது. ஏழாம் நாள் காலையில் பெண் குளிக்கப் போகும்போது, "பாசி இருக்குது, வழுக்கி விழப் போற!" என்று கத்திவிட்டேன்.

தறிக்குழிக்குள்ளிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "அறுத்துடு, அறுத்துடு! ஆறும் போச்சி."

"ஜாக்கிரதை சொன்னதுகூடத் தப்பா? நீங்க தறியில உக்காந்துக்கினு அறு அறுங்கிறீங்களே, அது மட்டும் நல்ல வார்த்தையா?"

"அம்மாடி! அம்மனுக்கே உன்னாண்ட சலிச்சிப் போயிருக்கும்மே. நாப்பத்தெட்டு முடிச்சி விழறதுக்குள்ள அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போயிடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது ஒரு நொடியில் போய்விட்டதே என்று, அடுப்படியில் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அம்மன்மேல்கூடக் கோபம் வந்தது. இவ்வளவு கும்பிடுகிறேனே, இந்த மனசை ஒரு நாள் மாற்றிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஒன்பதாம் மாதம் பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். மத்தியானம் நான் கூடத்தில் ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். பெண் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் பாதம் என் கண்ணில் பட்டது. வீங்கிப் பளபளவென்று இருந்தது. கொலுசு சதையில் பதிந்திருந்தது.

"ஐயோ, கால் இன்னாடி இப்படி வீங்கியிருக்குது! தெருக்கோடி வீட்டுப் பொண்ணுக்கும் இப்படித்தான் வீங்கிச்சி. ஒரு நாள் காலையில தண்ணி எடுக்கப் போனவ அப்படியே மயங்கி விழுந்து, வாயெல்லாம் கோணிக்கினு..."

அங்கே நினைவு வந்தது. ஆணியில் ஐந்து முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"வாயி கோணிக்கினு?" என்றாள் பெண்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா? அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சி?"

"வுடுடி. நல்லதையே நினைப்போம்."

ஊரார் எனக்குச் சொல்லி நான் வெறுத்த அந்த வார்த்தையை நானே அவளுக்குச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போனாள். பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் புடவைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் எங்க வீட்டுக்குப் போறேன். அங்கயே பெத்துக்கிறேன்."

"தலைப்பிரசவத்துக்கு வந்தவ திரும்பிப் போறதாவது! ஊர் சிரிக்கும். உன் மாமியார் இன்னா நினைப்பாங்க?"

"இன்னா வேணா நினைச்சிக்கட்டும். அவங்க திட்டுவாங்க, வேலை வைப்பாங்க. ஆனா ராத்திரி தூங்க முடியும். உன்னாண்ட இருந்தா முடியல. நீ பேசினாலும் பயம், பேசாம இருந்தாலும் பயம். நீ முழுங்குறியே, அதுதாம்மா ரொம்ப பயம். முழுங்கினது எவ்வளவு பெருசுன்னு நான் நினைச்சிக்கினே படுத்திருக்கேன்."

ஊர் சிரிப்பது கிடக்கட்டும். பிள்ளை பெறுகிற நேரத்தில் ஒரு பெண் தன் தாயைவிட்டு ஓடினால், அப்புறம் அந்தத் தாய் எதற்கு? அவள் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"சரி கேளு. அந்தப் பொண்ணு மயங்கி விழுந்திச்சி. வாயி கோணிச்சி. ஜட்கா வண்டி வெச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனாங்க."

"அப்புறம்?"

"ஊசி போட்டாங்க. நாலஞ்சி நாள் படுக்க வெச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம்..." நான் யோசித்தேன். மறைக்கிறதுக்காக இல்லை. சத்தியமாகவே நான் அதற்கு மேல் நினைத்ததே இல்லை. "அப்புறம் குழந்தை பொறந்திச்சி. நேத்துகூட நம்ம வாசல்ல டயர் உருட்டிக்கினு போச்சே, அந்தப் பயதான்."

அவள் கையிலிருந்த புடவையைக் கீழே போட்டாள். "இதைச் சொல்றதுக்கு உனக்கு இன்னாம்மா? பயப்படற இடத்துல கொண்டாந்து நிறுத்திட்டு எழுந்து போயிடுற. கதையே அங்கதான் முடிஞ்ச மாதிரி."

தறிச் சத்தம் நின்றிருந்தது. அவரும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அப்போது அவள் கேட்டாள், மெதுவாக. "உனக்கு மொதல்ல ஒண்ணு பொறந்திச்சாமே. ஊர்ல சொல்லிக் கேட்டிருக்கேன். நீ சொன்னதே இல்ல."

பதினெட்டு வருஷமாக நான் வாய் திறக்காத விஷயம் அது. அதைச் சொன்னால் ஒரு முடிச்சா போகும்? அம்மனே முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ என்று நடுங்கினேன். ஆனால் பை இன்னும் திறந்துதான் கிடந்தது. சொன்னேன். எங்கம்மா வீட்டில் நடந்தது. ரெண்டு நாள் வலி. ஆண் குழந்தை. முழுசாக ஒரு நாள் இருந்தான். அவன் நகம் எவ்வளவு சின்னது என்றுகூடச் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம் இன்னாடி அப்புறம்! செத்துப்போச்சின்னு சொல்றேன், அப்புறமாம். அப்புறம் அடுத்த வருஷம் நீ பொறந்த!"

கத்தின பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், ரெண்டும். நானும்தான்.

பையை அவள் அவிழ்த்து வைத்துவிடவில்லை. "ரெண்டு நாள் பாக்கிறேன்" என்று மூலையில் வைத்தாள். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் ஆனது. நான் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் பயத்தோடு நிறுத்தக்கூடாது. அப்புறம் என்ன என்பதையும் சொல்லி முடிக்க வேண்டும். சாயங்காலமே அவளை ஆஸ்பத்திரியில் காட்டினோம். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், வாரம் ஒருமுறை வரச் சொன்னார்கள். ஐந்து முடிச்சு இழையை நானே கழற்றினேன். அம்மனிடம் போய், தாயே, வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது, முழுசாகப் பேசுகிறேன், அதையே வேண்டுதலாக எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதுவும் சுலபமாக வரவில்லை. 'அப்புறம்' என்று தொடங்கி அதைவிடக் கெட்டதாக ஒன்றைச் சொல்லிவிடுவேன். அவள் விடமாட்டாள். "அதுக்கப்புறம்?" என்பாள். சில நாள் நாலைந்து அப்புறம் தாண்டித்தான் ஒரு நல்லது வரும். சில நாள் வராமலே சோற்றுக்கு நேரமாகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா, "அம்மாவும் பொண்ணும் இன்னா கதாகாலட்சேபமா பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவாள். மூலையில் இருந்த பை மட்டும் அங்கேயே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் வலி கண்டது. அந்தப் பையையே எடுத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனோம். மத்தியானம் ஆகியும் ஒன்றும் ஆகவில்லை. நர்ஸம்மா வந்து, "பொண்ணு உன்னையேதான் கூப்பிடுது. வந்து தைரியம் சொல்லு, அழுவக் கூடாது" என்று என்னை உள்ளே விட்டார்கள். பெண்ணின் முகம் வெளுத்து, முடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. என் கையை நசுக்கிவிடுகிற மாதிரி பிடித்தாள்.

"முடியலம்மா. என்னால முடியாது. நான் செத்துடுவேன்."

என் பழைய மனசு அப்படியே எழுந்து நின்றது. அந்த ஒரு நாள் குழந்தை, அவன் நகம், எல்லாம் கண் முன்னால் வந்தது. நல்லது ஒன்றுகூடத் தோன்றவில்லை. தெய்வத்தின் பேர்கூட வரவில்லை. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அப்புறம்?" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னை முறைத்தாள். "அடிப்பாவி அம்மா!" என்று அலறினாள். நர்ஸம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆனால் அந்த அலறலில் எங்கிருந்தோ பலம் வந்தது அவளுக்கு. "சொல்லுடி, அப்புறம்?" என்று நான் விடாமல் கேட்டேன். "அப்புறம்... வீட்டுக்குப் போவேன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

நான் மாறிவிட்டேன் என்று யாராவது நினைத்தால் தப்பு. குழந்தையை முதல் தடவை மடியில் வாங்கினபோதே, "இன்னாங்க, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குதே, காமாலை எங்கனா..." என்று தொடங்கிவிட்டேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் அப்படியே கேட்டாள்.

"அப்புறம்?"

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பெற்றெடுத்த களைப்பில்கூட இவளுக்கு இது விடவில்லையே என்று.

"அப்புறம் இன்னா. காலையில இளவெயில்ல காட்டுவோம்" என்றேன்.